ஹாட் பாக்ஸில் போன இன்சுலின்

மே மாதத்தில் நம் வீடுகளில் சுலபமாக நடந்துவிடக்கூடிய கதை இது.

திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் குலதெய்வக் கோயில் கொடை. தாம்பரத்திலிருந்து காரில் கிளம்புகிறது ஒரு குடும்பம். மகள், மருமகன், 10 வயதுப் பேரன், 64 வயது ஆச்சி. கத்திரி வெயில் கொளுத்துகிறது. 600 கிலோமீட்டர் ரோடு. டீ, சாப்பாடு, பேரனுக்கு ஐஸ்கிரீம் என்று நிறுத்தி நிறுத்திப் போனால் 11 மணி நேரமாவது ஆகும்.

ஆச்சிக்குக் காலையும் இரவும் இன்சுலின். மகளுக்கு ஒரே கவலை, மருந்து சூடாகிவிடக் கூடாது. ஆன்லைனில் மீன் வாங்கியபோது வந்த ஜெல் ஐஸ் பேக்குகள் இரண்டை ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்துக் கல் மாதிரி ஆக்கினாள். இட்லி வைக்கும் ஹாட் பாக்ஸில் ஒன்றைக் கீழே வைத்து, அதன் மேல் மருந்துக் கடையில் வாங்கிய புது பாட்டிலையும் பாதி தீர்ந்த பழைய பாட்டிலையும் படுக்க வைத்து, மேலே இன்னொரு ஐஸ் பேக். இறுக்கி மூடினாள். சூட்டைக் காப்பாற்றுகிற பெட்டி குளிரையும் காப்பாற்றும் அல்லவா? யோசனை சரிதான்.

இரவு ஊர் போய்ச் சேர்ந்ததும் திறந்து பார்த்தால், மருந்து ஜில்லென்று இருந்தது. "பாத்தியாம்மா, எப்படி வச்சிருக்கேன்!" என்றாள் மகள். ஆச்சி ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

மறுநாள் காலை சர்க்கரை 260. சாயங்காலம் 340. அதற்கடுத்த நாள் 390.

வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். சமையல்கட்டில் சர்க்கரைப் பொங்கல், பந்தியில் பாயசம், போகிற வருகிற இடமெல்லாம் வாழைப்பழம். வேறு என்ன நினைக்கத் தோன்றும்? "ஏம்மா, வாயைக் கட்ட மாட்டியா? கோயிலுக்கு வந்த இடத்துல எங்களை ஆஸ்பத்திரிக்கு அலைய விடணுமா?" என்று மகள் எல்லார் முன்னாலும் கத்திவிட்டாள். மருமகன் தன் பங்குக்கு, "அத்தை, ஒரு ரெண்டு நாள் பொறுத்துக்கிடுங்க" என்றார். பேரன்கூட, "ஆச்சி திருட்டுத்தனமா லட்டு தின்னுருப்பாங்க" என்று சிரித்தான்.

"சத்தியமா நான் ஒண்ணும் திங்கலட்டி" என்று சொல்லிச் சொல்லி ஆச்சி களைத்துப்போனார். தண்ணீர் தாகம், அடிக்கடி பாத்ரூம், உடம்பெல்லாம் அசதி. கொடை பார்க்கப் போகாமல் திண்ணையிலேயே சுருண்டு படுத்துவிட்டார்.

நல்லவேளை, ஆச்சியின் அக்கா மகள் நர்ஸ். விஷயத்தைக் கேட்டதும் அவர், "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்கவில்லை. "சித்தி, மருந்தைக் காட்டுங்க" என்றார்.

பாட்டிலை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்டினார். ஆச்சி போடுவது 30/70 என்கிற கலவை இன்சுலின். உருட்டினால் பால் மாதிரி ஒரே சீராகக் கலங்க வேண்டும். கலங்கவில்லை. அடியில் சின்னச் சின்ன வெள்ளைத் திப்பிகள். கண்ணாடிச் சுவரில் உப்புப் பூத்த மாதிரி ஒரு படிவு. இன்னொரு பாட்டிலும் அப்படியே. இரண்டும் ஐஸ் பேக்குகளுக்கு நடுவில் உறைந்து, வழியிலேயே உருகி, ஒன்றும் நடக்காத மாதிரி வந்து சேர்ந்திருக்கின்றன.

ஆச்சி மூன்று நாளாகப் போட்டுக்கொண்டது கெட்டுப்போன மருந்து. வாங்கிய திட்டுதான் மிச்சம்.

வெயில் காலத்தில் இன்சுலினைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் பலரும் பயப்படுவது சூட்டுக்கு. பயப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பயத்தில் ஐஸுக்குள் புதைப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. சூடு மருந்தின் பலத்தை மெல்ல மெல்லக் குறைக்கும். உறைந்தாலோ ஒரே நாளில் கதை முடிந்துவிடும். ஒரு தடவை உறைந்த இன்சுலின் உருகிப் பழைய நிலைக்கு வந்த மாதிரி தெரிந்தாலும் அதைப் போடக் கூடாது. எல்லா இன்சுலின் அட்டையிலும் இந்த எச்சரிக்கை பொடி எழுத்தில் இருக்கும். படிப்பதற்குத்தான் கண்ணாடி தேட வேண்டும்.

இன்சுலின் என்பது 51 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சின்னப் புரதம். முட்டையின் வெள்ளைக்கருவும் புரதம்தான். சூடு பட்டால் அது எப்படி உருமாறிப்போகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். புரதத்துக்கு அதன் மடிப்புதான் உயிர். சாவியின் பல் தேய்ந்தால் பூட்டு திறக்காத மாதிரி, மடிப்பு கலைந்தால் இன்சுலின் வேலை செய்யாது. கலவை இன்சுலினில் பாலாடை போலத் தெரிவது நுண்ணிய படிகத் துகள்கள். உறையும்போது இவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். அதற்குப் பிறகு சிரிஞ்சில் 20 யூனிட் இழுத்தாலும் உள்ளே வருவது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

இதில் ஒரு சிக்கல். கலங்கலான இன்சுலின் கெட்டால் ஆச்சியின் பாட்டில் மாதிரி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும் இன்சுலின் கெட்டாலும் தெளிவாகவே இருக்கக்கூடும். அதனால் உறைந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே தூக்கிப் போட்டுவிட வேண்டும். விலையைப் பார்த்தால் மனசு வராதுதான்.

1922 ஜனவரியில் கனடாவின் டொரன்டோ நகரில் லியனார்ட் தாம்சன் என்கிற 14 வயதுப் பையனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் ஊசி போடப்பட்டது. ஜனவரி மாத டொரன்டோவில், மருந்தை எப்படிக் குளிர்ச்சியாக வைப்பது என்று யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். 100 வருஷம் கழித்து அதே மருந்து மதுரை பைபாஸில் மத்தியான வெயிலில் போகிறது.

சரி, எவ்வளவு குளிர்ச்சி வேண்டும்?

இன்னும் திறக்காத பாட்டில், கார்ட்ரிட்ஜ், பேனா எல்லாம் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். அதாவது ஃபிரிட்ஜின் கீழ்ப்பகுதி. அப்படி வைத்தால் அட்டையில் போட்டிருக்கும் காலாவதித் தேதி வரை தாங்கும்.

திறந்து பயன்படுத்திக்கொண்டிருக்கும் மருந்துக்கு ஃபிரிட்ஜே கட்டாயமில்லை. இது பலருக்கும் புதுச் செய்தியாக இருக்கும். வகையைப் பொறுத்து 25 அல்லது 30 டிகிரிக்குக் கீழே, வெயில் படாத இடத்தில் இருந்தால் போதும். பெரும்பாலான இன்சுலின்கள் இப்படி 4 வாரம் வரை தாங்கும். சில வகைகள் 6 வாரம், 8 வாரம்கூடத் தாங்கும். எது எவ்வளவு என்பது உங்கள் மருந்தின் அட்டையிலேயே இருக்கிறது. திறந்த தேதியை பாட்டில் மேல் பேனாவால் எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

ஆக, இரண்டு மூன்று நாள் பயணத்துக்கு ஆச்சி கொண்டுபோன பாதி பாட்டிலுக்கு ஐஸ் தேவையே இல்லை. ஏசி போட்ட காருக்குள், நிழலில், ஆச்சியின் கைப்பையிலேயே அது சௌக்கியமாக வந்திருக்கும்.

'30 டிகிரியா? எங்கள் ஊரில் விடியற்காலையிலேயே 30 டிகிரி' என்று வேலூர்க்காரர்களும் திருச்சிக்காரர்களும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதே கேள்விக்கு விடை தேடி ஒரு ஆய்வு நடந்தது. கென்யாவின் வடக்கே தாதாப் என்ற இடத்தில் பெரிய அகதி முகாம்கள் இருக்கின்றன. அங்கே வீடுகளில் ஃபிரிட்ஜ் கிடையாது. அதனால் சர்க்கரை நோயாளிகள் ஒவ்வொரு ஊசிக்கும் மருத்துவமனைக்கே வர வேண்டியிருந்தது. ஊசியை நம்பி வாழ்கிறவர்களுக்கு வேலை ஏது, பயணம் ஏது? 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் சேர்ந்து, அந்த முகாம் வீடுகளில் வெப்பம் எப்படி ஏறி இறங்குகிறது என்று அளந்தன. இரவில் 25 டிகிரி, பகலில் 37 டிகிரி வரை. ஆய்வுக்கூடத்தில் அதே ஏற்ற இறக்கத்தில் 4 வாரம் வைத்துப் பார்த்ததில், சோதித்த இன்சுலின்களின் வீரியம் குறிப்பிடும்படி குறையவில்லை. 2021-ல் இந்த முடிவு வெளியானது.

2023-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. திறக்காத ஹியூமன் இன்சுலினை 37 டிகிரி வரையிலான வெப்பத்தில் 2 மாதம் வரை வைத்திருக்கலாம் என்றது.

இதைப் படித்துவிட்டு ஃபிரிட்ஜிலிருந்து எல்லா மருந்தையும் வெளியே எடுத்து அடுக்கிவிடாதீர்கள். ஃபிரிட்ஜ் இல்லாதவர்களுக்கான ஆறுதல் அது. ஃபிரிட்ஜ் இருப்பவர்கள் அட்டையில் இருப்பதைப் பின்பற்றுவதுதான் சரி. ஆனால் பயணத்தில் ஒரு மத்தியானம் 33, 34 டிகிரி ஆகிவிட்டதே என்று பதறி ஐஸ் கட்டியைத் தேட வேண்டாம். அதற்காகத்தான் இந்தக் கதை.

உண்மையில் பயப்பட வேண்டிய சூடு வேறு. வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் உள்ளே அரை மணி நேரத்திலேயே அடுப்பு மாதிரி ஆகிவிடும். வெளியே 38 என்றால் உள்ளே 50-ஐத் தாண்டுவது சாதாரணம். டாஷ்போர்டு இன்னும் மோசம். சாப்பிட இறங்கும்போது குழந்தையை எப்படி காருக்குள் விட்டுவிட்டுப் போக மாட்டோமோ, மருந்துப் பையையும் அப்படித்தான். டூவீலரின் சீட்டுக்கு அடியிலும் வைக்கக் கூடாது. ஆம்னி பஸ்ஸில் போகிறவர்கள், கீழே லக்கேஜ் அறையில் போடும் பெட்டிக்குள் இன்சுலினை வைத்துவிடுகிறார்கள். இஞ்சின் சூடும் ரோட்டுச் சூடும் சேர்ந்து வேக வைத்துவிடும். ரயிலில் ஸ்லீப்பர் கோச் என்றால் ஜன்னல் ஓரத்து வெயில் படாமல், தோளில் மாட்டும் பையில், துணிகளுக்கு நடுவில் இருக்கட்டும். விமானத்தில் பெரிய பெட்டியோடு போட்டுவிடக் கூடாது, கையோடுதான் கொண்டுபோக வேண்டும். பெட்டி எங்கே எந்தக் குளிரில் இருக்கும் என்றும் தெரியாது, வேறு ஊருக்குப் போய்விட்டால் மருந்தும் போய்விடும். டாக்டர் சீட்டைக் கூடவே வைத்திருந்தால் சோதனையில் சங்கடம் இருக்காது.

ஏசி இல்லாத பயணத்துக்கு மருந்துக் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் நனைக்கும் பை நல்ல துணை. உள்ளே ஒரு வகைப் படிகங்கள் தைத்திருப்பார்கள். தண்ணீரில் சில நிமிஷம் ஊற வைத்தால் உப்பி ஜெல் ஆகிவிடும். அந்த ஈரம் காற்றில் காயக் காய உள்ளே குளிரும். புது விஞ்ஞானம் ஒன்றும் இல்லை, நம் மண்பானைத் தண்ணீர் குளிர்வது இதே தத்துவத்தில்தான். இதில் ஐஸே கிடையாது என்பதால் மருந்து உறைந்துவிடும் என்ற பயமும் இல்லை. ஈரம் காயக் காற்று வேண்டும். அதனால் அதை பாலித்தீன் கவருக்குள் போட்டு முடிச்சுப் போட்டுவிட்டால் பிரயோஜனமில்லை. காற்று காய்ந்திருக்கும் உள்மாவட்டங்களில் இது நன்றாக வேலை செய்யும். புழுக்கம் மிகுந்த கடற்கரை ஊர்களில் கொஞ்சம் மந்தம்தான். நம் மண்பானைக்கும் அதே கதி.

பை வாங்கவில்லையா? போகிற கிராமத்தில் ஃபிரிட்ஜ் இல்லையா? பெரிய மண்சட்டிக்குள் மணல் போட்டு, அதில் சின்னச் சட்டியைப் பதித்து, மணலைத் தண்ணீர் விட்டு ஈரமாக்குங்கள். உள்சட்டியில், தண்ணீர் புகாத டப்பாவில் மருந்தை வைத்து ஈரத்துணியால் மூடி, நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். அறைச் சூட்டைவிட அங்கே சில டிகிரி குறைவாக இருக்கும். கரன்ட் போனாலும் கவலையில்லை.

ஃபிரிட்ஜ் இருக்கிற விசேஷ வீடு இன்னொரு வகை ஆபத்து. பாலும் பூவும் மாவும் நெருக்கியடிக்கிற ஃபிரிட்ஜில், இடம் போதாமல் யாரோ ஒரு அத்தை நல்ல எண்ணத்தோடு மருந்தைத் தூக்கி ஃப்ரீசரில் வைத்துவிடுவார். 'ஜில்லுனு இருக்கட்டுமே!' மருந்து டப்பா மேல் கொட்டை எழுத்தில் 'ஃப்ரீசரில் வைக்காதீர்கள்' என்று எழுதி ஒட்டிவிடுவது உத்தமம். ஹோட்டல் அறையின் குட்டி ஃபிரிட்ஜிலும் உள்பக்கச் சுவரை ஒட்டி வைக்காமல் கதவுப் பக்கம் வையுங்கள். பல குட்டி ஃபிரிட்ஜ்களில் அந்தச் சுவரில் பனியே கட்டியிருக்கும்.

மருந்தை இரண்டு பங்காகப் பிரித்து இரண்டு பைகளில் வைப்பதும் முக்கியம். ஆச்சி வீட்டில் இரண்டு பாட்டிலும் ஒரே பெட்டியில் போனதால்தான் இரண்டும் ஒன்றாகக் கெட்டன. வெளியூரில் புதிதாக வாங்க நேர்ந்தால் பெயர் மட்டும் பார்க்காதீர்கள். நம் ஊரில் பாட்டில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், பேனா கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும். பழைய பாட்டிலையோ அட்டையையோ கடையில் காட்டி வாங்குவதே சரி. பேனா பயன்படுத்துகிறவர்கள் போட்டு முடித்ததும் ஊசியைக் கழற்றிவிட வேண்டும். சூடும் குளிரும் மாறும்போது ஊசி வழியாக மருந்து கசியும், காற்றுக் குமிழி உள்ளே போகும். சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் டப்பாவும் வெயிலில் கெடும். அதுவும் மருந்துப் பையிலேயே வரட்டும்.

மருந்து பத்திரமாக இருந்தாலும் வெயில் உடம்போடு விளையாடும். சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிவதால் ஊசி போட்ட இன்சுலின் வழக்கத்தைவிட வேகமாக உடம்பில் சேரலாம். கூடவே விசேஷ வீட்டுப் பந்தி எப்போது என்று யாருக்கும் தெரியாது. "இதோ இலை போட்டாச்சு" என்பார்கள், அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் ஆகும். சாப்பாடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று உறுதியான பிறகு ஊசி போடுவது பற்றி, கிளம்பும் முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள். வியர்த்து, கை நடுங்கி, தலை கிறுகிறுத்தால் உடனே 3 டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ். 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சாக்லேட், கடலை மிட்டாய் எல்லாம் அந்த நேரத்துக்கு மெதுவான ஆட்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. வழக்கமான சாப்பாடு, வழக்கமான ஊசி, ஆனால் சர்க்கரை மட்டும் காரணமில்லாமல் ஏறிக்கொண்டே போகிறது என்றால் முதலில் பாட்டிலைச் சந்தேகப்படுங்கள். புது பாட்டிலுக்கு மாறுங்கள், டாக்டரிடம் பேசுங்கள். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குவது, அரைத் தூக்கம் என்று சேர்ந்தால் போன் செய்து கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே ஆஸ்பத்திரி. டைப் 1 சர்க்கரை உள்ள குழந்தைகளுக்கு இது சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

ஆச்சிக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. அன்று மாலையே பக்கத்து டவுனுக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினார்கள். புது பாட்டில், டாக்டர் சொன்ன அளவு, நிறையத் தண்ணீர். இரண்டு நாளில் சர்க்கரை 180-க்கு வந்தது.

திரும்பும் பயணத்துக்கும் அதே ஹாட் பாக்ஸ்தான். இந்த முறை நர்ஸ் அக்கா பேக்கிங் செய்து காட்டினார். ஐஸ் பேக் இல்லை. ஃப்ரீசரில் அல்லாமல் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்த தண்ணீர் பாட்டில் ஒன்று, அதைச் சுற்றி ஒரு துண்டு, பக்கத்தில் அட்டை டப்பாவோடு புது இன்சுலின். ஃபிரிட்ஜ் தண்ணீர் உறைந்திருக்காது, அதனால் பக்கத்தில் இருப்பதையும் உறைய வைக்காது. "ஐஸ் பேக்தான் வேணும்னா, கொஞ்ச நேரம் வெளிய வச்சு வேர்க்க விட்டு, தடிமனான துண்டுல சுத்தி, மருந்து மேல படாம வைக்கணும்" என்றார். திறந்த பாட்டில் ஆச்சியின் கைப்பைக்குள் போனது.

கார் கிளம்பும்போது மகள் ஒரு கிண்ணத்தை அம்மாவிடம் நீட்டினாள். உள்ளே ஒரே ஒரு ஸ்பூன் சர்க்கரைப் பொங்கல்.

ஆச்சி வாங்கிக்கொள்ளவில்லை. "அன்னைக்குத் திங்காததுக்கே அம்புட்டுப் பேச்சு வாங்கிட்டேன். நீயே தின்னுட்டி" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மதுரை தாண்டும்வரை பேசவே இல்லை.